வாராவாரம் ஒரு பிரபஞ்சம்: பெர்ரி ரோடன் என்னும் ஜெர்மானியக் கனவு

1961 செப்டம்பர் 8ஆம் தேதி மேற்கு ஜெர்மனியின் ரயில் நிலையக் கடைகளிலும் தெருமுனைப் பத்திரிகைக் கடைகளிலும் 70 ஃபெனிக் விலையில் ஒரு மெல்லிய புத்தகம் விற்பனைக்கு வந்தது. அறுபத்துச் சொச்சம் பக்கங்கள், மலிவான தாள், நடுவே கம்பித் தைப்பு, கண்ணைப் பறிக்கும் அட்டைப்படம். மியூனிக் நகரின் மோவிக் பதிப்பகம் தொடங்கிய அந்தத் தொடரின் பெயர் பெர்ரி ரோடன். முதல் இதழின் தலைப்பு ‘ஸ்டார்டஸ்ட் நடவடிக்கை’. முப்பது இதழ்கள், மிஞ்சிப்போனால் ஐம்பது இதழ்கள் தாங்கும் என்பதே பதிப்பகத்தின் கணக்கு. 2019 பிப்ரவரியில் 3000ஆவது இதழ் வெளிவந்தது. 2024 இறுதிக்குள் எண்ணிக்கை 3300ஐத் தொட்டுவிட்டது. கிளைத்தொடர்களும் தனி நாவல்களும் இந்தக் கணக்கில் சேராதவை.

இதை உயர்ந்த இலக்கியம் என்று வாதிடுவது என் நோக்கமல்ல. முதல் ஐம்பது இதழ்களின் நடை, அவசரத்தில் எழுதப்பட்டு அவசரத்தில் படித்து முடிக்கப்படுவதற்கான நடைதான். ஆனால் ஒரு சமூகம் தன் பேரிலக்கியங்களில் யோசித்துச் சொல்வதை, சில்லறைப் புத்தகங்களில் யோசிக்காமல் சொல்லிவிடுகிறது. போருக்குப் பிந்தைய ஜெர்மனியின் மனசாட்சியை அறிய ஹைன்ரிக் போலையும் குந்தர் கிராஸையும் படிக்கிறோம். அதே ஆண்டுகளில் அந்நாட்டுப் பதினைந்து வயதுப் பையன்கள் கனவில் என்ன கண்டார்கள் என்பதை அறிய இந்தக் கம்பித் தைப்புப் புத்தகங்களைத்தான் புரட்ட வேண்டும்.

தொடர் பிறந்த ஆண்டைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். 1961 ஏப்ரல் 11ஆம் தேதி ஜெருசலேமில் அடால்ஃப் ஐக்மனின் விசாரணை தொடங்கியது. மறுநாள் யூரி ககாரின் பூமியைச் சுற்றிவந்தார். ஆகஸ்ட் 13ஆம் தேதி பெர்லினில் சுவர் எழுந்தது. சுவர் எழுந்து நான்கு வாரங்கள் நிறைவதற்குள் பெர்ரி ரோடன் கடைக்கு வந்துவிட்டார். அணுப்போர் வந்தால் முதல் குண்டு தங்கள் தலையில்தான் என்பது அன்றைய ஜெர்மானியர் ஒவ்வொருவருக்கும் தெரியும். விண்வெளியை எட்டும் ராக்கெட்டின் மூதாதையைப் பேனமுண்டேயில் உருவாக்கியது அவர்கள் நாடுதான். ஆனால் அதை உருவாக்கிய வெர்னர் ஃபான் பிரவுன் இப்போது அமெரிக்காவில் இருந்தார். விண்வெளிப் பந்தயத்தை ஜெர்மனி பார்வையாளர் வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

இவ்வகை வாரப் புத்தகங்கள் அந்நாட்டுக்குப் புதியவை அல்ல. 1908 முதல் 1911 வரை ‘வான்கொள்ளையன்’ என்ற தொடர் கேப்டன் மோர்ஸ் என்னும் நாயகனை 165 இதழ்களில் கோள்களுக்கிடையே அலையவிட்டது. 1933 முதல் 1936 வரை பவுல் ஆல்ஃப்ரெட் முல்லர் எழுதிய ‘சுன் கோ’ தொடரில் அட்லாண்டிஸின் வாரிசு ஒருவன் 150 இதழ்களுக்கு வலம்வந்தான். ஹான்ஸ் டொமினிக்கின் தொழில்நுட்ப நாவல்கள் ஜெர்மானியப் பொறியாளரைத் தெய்வமாக்கின. அவற்றின் இனப்பெருமிதம் இன்று படிப்பவரை நெளியவைக்கும். இந்த மரபின் சாயல் பெர்ரி ரோடனிலும் உண்டு; அட்லாண்டிஸ்கூட மறுபடி வரும்.

தொடரை உருவாக்கியவர்கள் இருவர். மோவிக் பதிப்பக ஆசிரியர் குர்ட் பெர்ன்ஹார்ட் அவர்களை ஒன்றுசேர்த்தார். 1920இல் பிறந்த வால்டர் எர்ன்ஸ்டிங் போரில் படைவீரராக இருந்து சோவியத் முகாமில் போர்க்கைதியாகச் சிக்கியவர். திரும்பிவந்தபின் பிரிட்டிஷ் ஆக்கிரமிப்புப் படையில் மொழிபெயர்ப்பாளர் வேலை. அங்கேதான் ஆங்கில அறிவியல் புனைகதை இதழ்கள் அவர் கைக்குக் கிடைத்தன. அவர் எழுத வந்தபோது, விண்வெளிக் கதையை ஒரு ஜெர்மானியர் எழுதினால் யார் வாங்குவார்கள் என்று பதிப்பாளர்கள் தயங்கினார்கள். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தவை மட்டுமே வேண்டும் என்றார்கள். எர்ன்ஸ்டிங் ஒரு தந்திரம் செய்தார். 1955இல் தன் முதல் நாவலைக் கிளார்க் டார்ல்டன் என்பவருடையது என்று சொல்லி, தன்னை அதன் மொழிபெயர்ப்பாளராக அறிமுகப்படுத்திக்கொண்டார். புனைபெயர் கடைசிவரை நிலைத்துவிட்டது. தோற்ற நாட்டின் எழுத்தாளன் தன் சொந்தக் கனவையே வென்றவனின் பெயரில்தான் விற்க முடிந்தது என்பதைவிட அந்தக் காலத்தைச் சுருக்கமாக விளக்கும் சம்பவம் வேறில்லை.

மற்றவர் கே. எச். ஷேர், 1928இல் பிறந்தவர். வாடகை நூலகங்களுக்காகவே அச்சிடப்பட்ட தடித்த அட்டை நாவல்களை எழுதித் தள்ளிப் பயின்ற கை. ஆயுதங்களையும் எந்திரங்களையும் படைவரிசைகளையும் விவரிப்பதில் அவருக்கிருந்த மோகத்தைப் பார்த்து ரசிகர்கள் ‘கையெறிகுண்டு ஹெர்பர்ட்’ என்று அவரைக் கேலி செய்தார்கள். முதல் இதழை எழுதியவர் இவரே. தலைப்பில் அவர் பயன்படுத்திய, நான் ‘நடவடிக்கை’ என்று பெயர்த்திருக்கும் ஜெர்மன் சொல், ஹிட்லரின் படைத்தலைமை தன் போர்த் திட்டங்களின் பெயர்களுக்கு முன்னால் ஒட்டிய அதே சொல். பழக்கதோஷமாகவும் இருக்கலாம்.

கதை இது. 1971 ஜூன் 19ஆம் தேதி அமெரிக்க விண்படையின் மேஜர் பெர்ரி ரோடன், நெவாடாவிலிருந்து மூன்று தோழர்களோடு சந்திரனுக்குப் புறப்படுகிறார். அங்கே 500 மீட்டர் விட்டமுள்ள உருண்டை வடிவக் கப்பல் ஒன்று பழுதாகிக் கிடக்கிறது. அதில் வந்தவர்கள் ஆர்க்கானியர்கள். பல்லாயிரம் ஆண்டுகள் விண்மீன் பேரரசை ஆண்டு, இப்போது செயலற்றுச் சோர்ந்துபோன இனம். கப்பலின் பெரும்பாலானோர் படுத்த படுக்கையாக மாயத்திரைகளில் ஓடும் பொய்க்காட்சிகளைப் பார்த்துக் கிடக்கிறார்கள். (1961இல் எழுதப்பட்ட இந்தப் பத்தியை இன்று படிப்பவருக்குச் சிரிப்பு வராது.) செயலாற்றும் துடிப்பு மிச்சமிருப்பது தளபதி தோராவிடமும் முதிய அறிஞர் கிரெஸ்டிடமும் மட்டும். கிரெஸ்டுக்கு ரத்தப் புற்றுநோய். விண்மீன்களை ஆண்ட இனத்திடம் அதற்கு மருந்தில்லை, பூமியில் இருக்கிறது.

ரோடன் கிரெஸ்டோடு திரும்புகிறார், ஆனால் நெவாடாவுக்கு அல்ல. கப்பலைக் கோபிப் பாலைவனத்தில் இறக்குகிறார். ஆர்க்கானியரின் ஆற்றல் எந்த ஒரு நாட்டின் கைக்குப் போனாலும் மற்ற நாடுகள் அணுகுண்டை வீசும் என்பது அவருடைய கணக்கு. தன் நாட்டையும் அவர் விலக்கிவைக்கவில்லை. ஊடுருவ முடியாத ஆற்றல் திரைக்குப் பின்னால் அமர்ந்துகொண்டு தன்னை ‘மூன்றாம் சக்தி’ என்று அறிவிக்கிறார். மேற்குக் கூட்டணி, கிழக்குக் கூட்டணி, ஆசியக் கூட்டமைப்பு மூன்றும் அவர்மீது பாய்கின்றன. இதற்கிடையே உலகப்போர் மூண்டே விடுகிறது. ஆர்க்கானியக் கருவிகள் அணுகுண்டுகளை வெடிக்கவிடாமல் செய்கின்றன. பொது எதிரி கிடைத்ததால் பகைவர்கள் கைகோக்கிறார்கள். மனிதகுலத்தின் ஒற்றுமை அதற்கெதிராகவே பிறக்கிறது.

இந்தக் கதைத் தொடக்கத்தின் கவர்ச்சி எதில் இருக்கிறது? சாகசம் என்று சொல்லி நிறுத்திவிட முடியாது. ரோடன் செய்வது சட்டப்படி படைத்துரோகம். கட்டளையை மீறி, தன் நாட்டின் உடைமையான கப்பலை எடுத்துக்கொண்டு ஓடிப்போன அதிகாரி அவர். கட்டளைக்குக் கீழ்ப்படிந்தேன் என்பதையே தன் தரப்பு நியாயமாக ஐக்மன் சொல்லிக்கொண்டிருந்த அதே ஆண்டில், கீழ்ப்படியாத வீரனை நாயகனாக்கிய புத்தகம் பையன்களின் கையில் இருந்தது. அவர்களுடைய தந்தையர்களில் பலர் கீழ்ப்படிந்தவர்கள். வீட்டில் அதைப்பற்றிப் பேச்சே எழுவதில்லை. ஷேரும் எர்ன்ஸ்டிங்கும் இதை எண்ணித் திட்டமிட்டார்கள் என்று நான் கருதவில்லை. எண்ணியிருந்தால் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது.

நாயகன் அமெரிக்கனாக இருப்பதற்குக் காரணமும் இங்கேதான் கிடைக்கிறது. அமெரிக்கப் பெயர் நன்றாக விற்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, போர் முடிந்து பதினாறே ஆண்டுகளில் உலகத்தை ஒரு குடைக்கீழ் கொண்டுவரும் படைத்தலைவனுக்கு ஜெர்மானியப் பெயர் வைத்திருந்தால் அந்தப் புத்தகத்தை யாராலும் வெட்கமில்லாமல் படித்திருக்க முடியாது. முகமூடி போட்டுக்கொண்டுதான் அந்தக் கனவைக் காண முடிந்தது.

முகமூடியைச் சிலர் உடனே கண்டுகொண்டார்கள். ரோடன் விரைவிலேயே சூரியப் பேரரசின் ‘பெருநிர்வாகி’ ஆகிறார். தேர்தல்கள் நடப்பதாகச் சொல்லப்பட்டாலும் தலைவர் மாறுவதில்லை. அவரும் நெருங்கிய தோழர்களும் சாவற்றவர்கள் என்பதால் மாற வேண்டிய தேவையும் எழுவதில்லை. எதிரிகளின் கோள்கள் கொத்துக்கொத்தாக எரிகின்றன. 1960களின் இறுதியில் மாணவர் போராட்டங்கள் ஜெர்மனியை உலுக்கியபோது, பெர்ரி ரோடன் பாசிசத்தின் பதுங்குகுழி என்ற குற்றச்சாட்டு ஊடகங்களில் ஓங்கி ஒலித்தது. மன்ஃப்ரெட் நாகல் 1972இல் வெளியிட்ட ‘ஜெர்மனியில் அறிவியல் புனைகதை’ என்ற ஆய்வு, இவ்வகை எழுத்தின் வேர்களைப் பழைய இனவாத, பேரரசுவாத நாவல்களில் தேடியது. ஷேரின் இதழ்களில் சிலவற்றைப் படித்தால் குற்றச்சாட்டு வானத்திலிருந்து விழவில்லை என்பது புரியும். அமைதி என்பது எதிரியினுடையதைவிடப் பெரிய பீரங்கி என்பதற்குமேல் அவருடைய அரசியல் போவதில்லை.

ஆனால் விமர்சகர்கள் பார்க்கத் தவறிய ஒன்று உண்டு. ஆர்க்கானியருடன் கலப்பதைத் தொடர் இழிவாகக் கருதவில்லை. ரோடன் தோராவையே மணந்துகொள்கிறார். அவருடைய சிறப்புப் படையில் அணுக்கதிர் வீச்சால் விந்தை ஆற்றல் பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஹிரோஷிமாவின் பிள்ளையான தாகோ ககூதா அவர்களில் ஒருவர். எர்ன்ஸ்டிங் 18ஆவது இதழில் நுழைத்த குக்கி என்ற ஒற்றைப்பல் எலிநீர்நாய் பேரரசின் மிகப் பெரிய மனிதர்களையெல்லாம் கேலி செய்துகொண்டே திரிகிறது. இனத்தூய்மை பேசும் மரபில் குக்கிக்கு இடமிருந்திருக்காது. எர்ன்ஸ்டிங் போரை நேரில் கண்டவர், ஷேர் போர் முடிந்தபோது பதினேழு வயதைத் தொட்டுக்கொண்டிருந்தவர். ஒருவரின் இதழில் சமாதானமும் அடுத்தவரின் இதழில் குண்டுவீச்சுமாக ஒரே தொடருக்குள் இரு ஜெர்மனிகள் வாராவாரம் தர்க்கித்துக்கொண்டிருந்தன என்று சொல்லத் தோன்றுகிறது.

தர்க்கத்தைத் தீர்த்துவைத்தவர் வில்லியம் ஃபோல்ட்ஸ். 1938இல் பிறந்து, வாசகர் மன்றத்திலிருந்து எழுத்தாளரானவர். 1970களின் நடுப்பகுதியில் கதைத்திட்டம் வகுக்கும் பொறுப்பு ஷேரிடமிருந்து இவருக்கு வந்தது. ஃபோல்ட்ஸின் எதிரிகளுக்குக் காரணங்கள் இருந்தன, தனிமை இருந்தது. பேரரசை அவர் ஒரேயடியாக உடைத்தார். லாரர்கள் என்ற ஆக்கிரமிப்பாளர்களிடமிருந்து தப்ப, பூமியே தன் இடத்தைவிட்டுப் பெயர்க்கப்பட்டு முன்பின் அறியாத விண்வெளியில் மெடாலியன் என்னும் அந்நிய சூரியனைச் சுற்ற நேரிடுகிறது. அந்தச் சூரியனின் கதிர்கள் மனிதரிடமிருந்து அன்பை மட்டும் அகற்றிவிடுகின்றன. அறிவு குறைவதில்லை, திறமை குறைவதில்லை. தாய்க்குப் பிள்ளைமேல் பற்றில்லை, அவ்வளவுதான். அன்பின்மையையே அறிவின் தூய நிலை என்று அரசு கொண்டாடுகிறது. ரோடனின் முதல் தோழன், சந்திரனுக்கு உடன்சென்ற ரெஜினால்ட் புல், இந்த அரசின் தலைவனாகி ரோடனைப் பூமியிலிருந்து நாடுகடத்துகிறான். 1975இல் 700ஆவது இதழோடு தொடங்கிய இந்தப் பகுதிதான் முழுத் தொடரின் சிகரம் என்பது என் எண்ணம். ஒழுங்கும் திறமையும் உள்ள, அன்பு மட்டும் இல்லாத அரசு எப்படி இருக்கும் என்பது ஜெர்மன் வாசகர்களுக்கு வெறும் கற்பனை அல்ல. அதைச் சுட்டும் வார்த்தை ஒன்றுகூட உரைக்காமல் ஒரு சில்லறைப் புத்தகம் அவர்களுக்கு அதைக் காட்டிவிட்டது. அதிலும் சர்வாதிகாரி அந்நியன் அல்ல, ஏறத்தாழ எழுநூறு வாரங்களாக அவர்கள் நேசித்த நண்பன்.

இத்தனை பேர் எழுதும் கதை எப்படிச் சிதறாமல் இருக்கிறது? தொடர் எழுதும் அனைவருக்கும் பொதுவான கதைத்திட்டத்தை ஓரிருவர் வகுக்கிறார்கள். ஒவ்வோர் இதழுக்கும் களம், மாந்தர், தொடக்கம், முடிவு குறித்த குறிப்பு எழுத்தாளருக்குப் போகிறது. அதைக் கதையாக்குவது மட்டும் அவர் பாடு. 50 அல்லது 100 இதழ்கள் சேர்ந்து ஒரு சுற்று. சுற்றின் முடிவில் பழைய புதிர் அவிழும்போதே அடுத்தது முடிச்சிடப்படும். இயற்பியல் படித்த குர்ட் மார் போன்றவர்கள் எந்திரங்களுக்கு நம்பத்தகுந்த விளக்கம் தந்தார்கள். கப்பல்களை நெடுக்காக அறுத்து உள்ளே ஒவ்வோர் அறையையும் குழாயையும் எண்ணிட்டுக் காட்டும் வரைபடங்கள் இதழ்களோடு வந்தன. அவற்றுக்கெனவே தனி ரசிகர் கூட்டம் உண்டு. முதல் இதழிலிருந்து 1995இல் இறக்கும்வரை ஜானி புரூக் என்ற ஒரே ஓவியர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை வரைந்தார். அவருடைய முகம் தெரியாமலே ஒரு தலைமுறை அவர் கண்ணால் விண்வெளியைப் பார்த்தது.

வாசகர் கடிதப் பக்கம் இன்னொரு தூண். பழைய இதழில் சொன்னதற்கு மாறாகப் புதிய இதழில் ஒரு வரி வந்தால் கடிதம் வந்துவிடும். எழுத்தாளரைவிட வாசகருக்குக் கதை நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த வாசகர்களிடமிருந்தே அடுத்த எழுத்தாளர்கள் வந்தார்கள். மறுபதிப்புகளும் வாராவாரம் தனியே ஓடிக்கொண்டிருந்ததால், ஒரே கடையில் ஒரே வாரத்தில் கதையின் வெவ்வேறு காலங்கள் அருகருகே கிடந்தன. அண்ணன் எங்கோ எட்டாத அண்டத்தில் இருக்க, தம்பி அப்போதுதான் சந்திரனில் இறங்குவான். 1978 முதல் வெள்ளி நிற அட்டையோடு தொகுப்பு நூல்கள் வரத்தொடங்கின. கம்பித் தைப்புப் புத்தகத்தை ஒளித்துப் படித்தவர்கள் இப்போது அதையே வரவேற்பறை அலமாரியில் வரிசையாக அடுக்கினார்கள்.

வெளிநாடுகளில் இதன் விதி சீராக இல்லை. பிரான்சிலும் நெதர்லாந்திலும் பிரேசிலிலும் ஜப்பானிலும் வேரூன்றியது. அமெரிக்காவில் ஃபாரஸ்ட் அக்கர்மன் 1969இல் ஏஸ் பதிப்பகத்தின் மூலம் கொண்டுவந்தார். ஜெர்மனியில் பிறந்த அவர் மனைவி வென்டெய்ன் மொழிபெயர்த்தார். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் வந்தும் 1970களின் இறுதியில் அது நின்றுபோயிற்று. ஆங்கில வாசகர்களுக்குக் கிடைத்தது ஷேர் காலத்துப் பெர்ரி ரோடன் மட்டுமே. ஃபோல்ட்ஸின் பகுதிகளை எட்டும் முன்பே கதவு மூடிவிட்டதால், இது பையன்களுக்கான பீரங்கிக் கதை என்ற தீர்ப்பு ஆங்கில உலகில் உறைந்துவிட்டது. 1967இல் பிரீமோ செக்லியோ இயக்கிய திரைப்படத்தைப் பற்றி ரசிகர்களிடம் பேசாதிருப்பது நல்லது. மறுபுறம், டச்சு விண்வெளி வீரர் ஆந்த்ரே கைப்பர்ஸ், தன் ஆசைக்கு வித்திட்டது இந்தத் தொடர்தான் என்று சொல்லி, தான் முதன்முதலில் படித்த பெர்ரி ரோடன் புத்தகத்தைத் தன் முதல் பயணத்தில் விண்வெளிக்கு எடுத்துச்சென்றார்.

கடைசியாகச் சாவின்மை. 19ஆவது இதழில் ரோடன் ‘அது’ என்று மட்டும் அழைக்கப்படும் பேரறிவைச் சந்திக்கிறார். பால்வீதியில் சிதறிக்கிடந்த புதிர்களை அவிழ்த்ததற்குப் பரிசாக மூப்பு நிறுத்தப்படுகிறது. வணிகரீதியில் பார்த்தால் நாயகன் கிழவனாகிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடுதான். ஆனால் அதன் விலையைத் தொடர் மறைக்கவில்லை. சாவின்மை கிடைக்காத தோரா இறக்கிறாள். அவர்களுடைய மகன் தாமஸ் கார்டிஃப் தந்தைக்கு எதிரியாகிறான். 50ஆவது இதழில், அட்லாண்டிஸ் மூழ்கிய நாள் முதல் கடலடியில் உறங்கியும் விழித்தும் பத்தாயிரம் ஆண்டுகள் காத்திருந்த ஆர்க்கானியன் அட்லான் வருகிறான். வீட்டுக்குப் போக ஒரு கப்பல் வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசையே இல்லை. வானிலிருந்து வந்தவர்கள் பழங்கால மனிதருக்குத் தெய்வங்களாகத் தெரிந்தார்கள் என்ற கருத்தை எரிக் ஃபான் டேனிக்கன் 1968இல் உண்மையென்று விற்றுப் புகழ்பெறும் முன்பே, 1962இல் ஷேர் கதையென்று சொல்லியே அதை எழுதிவிட்டார். டேனிக்கனுக்கும் எர்ன்ஸ்டிங்குக்கும் பின்னாளில் நெருங்கிய நட்பு உண்டானதில் வியப்பில்லை.

ஃபோல்ட்ஸ் இந்தச் சாவின்மைக்கு ஒரு தத்துவத்தைத் தர முயன்றார். 1980இல் வெளிவந்த 1000ஆவது இதழை அவரே எழுதினார். உயிர் கோளாகி, கோள் விண்மீன் அரசாகி, அரசு ஒற்றைப் பேரறிவாகி, அதற்கும் அப்பால் போகும் படிநிலை ஒன்றை அவர் வகுத்தார். வெங்காயத் தோல்போல ஒன்றுக்குள் ஒன்று. அதனோடு மூன்று இறுதிக் கேள்விகளையும் வைத்தார். மூன்றாவது கேள்வி, சட்டத்தை நிறுவியவர் யார், அது செய்வதென்ன என்பது. 1984இல் 46 வயதில் ஃபோல்ட்ஸ் இறந்துபோனார். அதற்குப் பிறகு, படைப்பின் மலையில் நிற்கும் ரோடனுக்கு அந்த விடை அளிக்கப்படும் கட்டம் வந்தது. அதைக் கேட்டுக்கொள்ள ரோடன் மறுத்துவிடுகிறார். அந்த அறிவைத் தாங்கும் மனம் தனக்கில்லை என்று உணர்கிறார். முடிக்கவே கூடாத ஒரு கதைக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை என்று ஏளனம் செய்யலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. முதல் இதழில் எல்லா ஆற்றலையும் கைப்பற்றித் தனக்கென வைத்துக்கொண்ட படையதிகாரி, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து ஒன்றை வேண்டாம் என்று சொல்கிறார். ஷேரின் ரோடனால் அது முடிந்திருக்காது.

2019இன் 3000ஆவது இதழுக்கு எழுத்தாளர்கள் விம் ஃபான்டமானும் கிறிஸ்டியான் மான்டிலனும் வைத்த தலைப்பு ‘பூமி என்னும் தொன்மம்’. ஐந்து நூற்றாண்டு இடைவெளிக்குப் பின் ரோடன் பால்வீதிக்குத் திரும்புகிறார். பூமியும் சந்திரனும் அங்கே இல்லை. பூமி என்று ஒன்று இருந்ததா என்பதே அங்குள்ளவர்களுக்குச் சந்தேகமாக இருக்கிறது. பழைய தரவுகள் எல்லாம் அழிக்கப்பட்டோ திரிக்கப்பட்டோ கிடக்கின்றன. பிறந்த ஊர் இருந்தது என்று சாட்சி சொல்ல அவரும் தோழர்கள் சிலரும் மட்டும் எஞ்சியிருக்கிறார்கள். அவர்கள் தேடப் புறப்படுகிறார்கள்.